பழுது கணினியிலா, நம்மிடமா?

ஒவ்வோர் ஆண்டும் வகுப்புகள் தொடங்கும் நாட்களில், ஊரிலிருந்து புதிதாக வரும் மாணவரை அழைத்துவரப் புது தில்லி ரயில் நிலையத்துக்குப் போவது என் வழக்கம். தமிழ்நாடு எக்ஸ்பிரசிலிருந்து தம்பியரும் தங்கையரும் இறங்குவார்கள். ஒரு கையில் பெட்டி. மறு கையில் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம். தோள்பையில் ஒரு மடிக்கணினி. பெரும்பாலும் அது புதியது அன்று. 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காளோ அண்ணனோ பெற்று, உழைத்துத் தேய்த்து, இளையவருக்கு விட்டுக்கொடுத்ததாக இருக்கும். பல வீடுகளில் நுழைந்த முதற்கணினியே அதுதான்.

அந்தப் பழைய கணினியை நாம் இங்கே எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை. பிறரைக் குறைகூற நான் எழுதவில்லை. முதற்குற்றவாளி நானே.

2024 ஆகஸ்டில் ஒரு தம்பி என் அறைக்கு வந்தான். "அண்ணா, இது திறக்கவே பத்து நிமிஷம் ஆகுது. நடுவுல நடுவுல நின்னுடுது. என்ன செய்யலாம்?" என்று கேட்டான். ஆய்வுக் கட்டுரை ஒன்றில் மூழ்கியிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இதையெல்லாம் வைத்துக்கொண்டு இங்கே படிக்க முடியாது தம்பி. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்" என்றேன். மூத்தவன் சொல்லை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மூன்றே வாரத்தில் பளபளக்கும் புதுக்கணினி வந்துவிட்டது.

தீபாவளியன்று விடுதியில் கூடி உண்டபோதுதான் செய்தி தெரிந்தது. அவன் தாயார் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருக்கிறார். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் இலையில் இருந்த சோறு இறங்கவில்லை.

பழைய கணினி அவன் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுவாரம் நேரு பிளேஸுக்குப் போனேன். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படித் தில்லிக்கு நேரு பிளேஸ். மாடிப்படி ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நரைமீசைக்காரர் ஒருவர் கணினியைத் திருப்பி, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பார்த்துச் சிரித்தார். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார், ரேமைக் கூட்டினார், விசிறியில் அடைந்திருந்த பஞ்சு போன்ற தூசியைத் துடைத்தார். செலவு மூவாயிரத்துச் சொச்சம். அன்று மாலை அந்தக் கணினி அரை நிமிடத்துக்குள் திறந்தது. ஒரு தாயின் தோட்டை அடகுக்கடைக்கு அனுப்பியது கணினியின் பழுது அன்று, என் அறியாமை.

அன்றுமுதல் இக்கலையைச் சிறிது சிறிதாகக் கற்று வருகிறேன். நான் பொறியியல் மாணவன் அல்லன், வரலாறு படிப்பவன். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும் என்ற துணிவில் சில சொல்கிறேன்.

பழைய கணினி ஏன் மெல்ல நடக்கிறது? அதன் மூளை மழுங்கிவிட்டது என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது தவறு. அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் அத்தட்டின்மேல் ஊசி போன்ற கை ஒன்று இங்குமங்கும் ஓடித் தகவலைப் பொறுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. எல்லாம் சில்லுகளில் இருக்கின்றன. பழைய தட்டு நொடிக்கு நூறு எம்.பி. அளவில் தருமென்றால், சாதாரண எஸ்.எஸ்.டி. ஐந்நூறு அளவில் தரும். சிறுசிறு கோப்புகளைத் தேடும்போது வேறுபாடு இதனினும் பன்மடங்கு. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டரை அங்குலத் தட்டு இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில், எஸ்.எஸ்.டி. உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது ரேம். இரண்டு ஜி.பி. ரேமில் இன்றைய உலாவியைத் திறப்பது, ஓர் ஆள் படுக்கும் திண்ணையில் கல்யாண வீட்டுப் பந்தியைப் போடுவது போன்றது. எட்டு ஜி.பி. இருந்தால் நம் படிப்பு வேலைகளுக்குப் போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்பவை ஒன்றன் இடத்தில் ஒன்று பொருந்தா. டி.டி.ஆர்.3இலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவதும், 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' வகையும் உண்டு. உள்ளே இருப்பதைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, அதையே கடையில் காட்டுங்கள். அந்தக் கணினி எவ்வளவு ரேம் தாங்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மின்சாரம். "கணினி செத்துவிட்டது" என்று கொண்டுவருபவர்களில் பலருக்குச் செத்திருப்பது சார்ஜர்தான். சார்ஜரின் அடியில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போல் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். மாற்று வாங்கும்போது வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையும் அதன் உள்வெளி நேர்-எதிர்க் குறியும் ஒத்திருக்க வேண்டும். சில கணினிகள் தம் சார்ஜரை நடுவிலுள்ள மெல்லிய ஊசியால் அடையாளம் காண்கின்றன. அவ்வூசி வளைந்தாலோ, சார்ஜர் போலியாக இருந்தாலோ, பேட்டரி ஏறாது. கணினியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கியதும் தளர்வது இயல்பு. அது நோயன்று, மூப்பு. தொழிற்சாலையில் அது கொண்ட அளவையும் இன்று நிறையும் அளவையும் ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கை விண்டோஸிலேயே எடுக்கலாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்; அல்லது மேசையில் வைத்து மின்சாரத்திலேயே ஓட்டுங்கள். எப்போதும் செருகியே வைப்பவர்கள், வசதி இருந்தால், எண்பது விழுக்காட்டில் ஏற்றத்தை நிறுத்தி வைப்பது பேட்டரிக்கு நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பேட்டரி உப்பித் தட்டச்சுப் பலகை மேலெழும்பினால், அந்நொடியே மின்சாரத்தைப் பிடுங்கி, அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அமுக்கிப் பார்ப்பதும், குத்திக் காற்றிறக்குவதும், தீயோடு விளையாடுவதாகும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு தங்கையின் கணினி எந்த இணையதளத்துக்குப் போனாலும் "பாதுகாப்பற்றது" என்று மிரட்டியது. ஒரு கடையில் மதர்போர்டே போய்விட்டது என்று சொல்லி ஒன்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன். திரையின் மூலையில் தேதி 2015 என்று இருந்தது! தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று உண்டு, சி.ஆர்.2032 என்று பெயர், மூன்று வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோகவே கணினி பழங்காலத்துக்குப் போய்விட்டது. இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் அதன் கணக்கில் செல்லாதவையாகிவிட்டன. ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவில் ஒன்பதாயிரம் மிஞ்சியது. தெரியாதவனுக்குத்தானே எல்லாம் மதர்போர்டு?

ஆகவே, பழுது கண்டால் கலங்காமல் ஒழுங்குமுறையாகப் பாருங்கள். முதலில் சுவர்ப் பிளக்கில் மின்சாரம் வருகிறதா? பிறகு சார்ஜரில் வருகிறதா? பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, மின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். தேங்கிய மின்னூட்டம் வடிந்து உயிர்பெறும் கணினிகள் பல. விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கோளாறு திரையின் பின்விளக்கில். ஒன்றுமே தெரியாவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, மீண்டும் பொருத்துங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஓசை வந்தால் வேறெதுவும் செய்யாதீர்கள். குறிப்புகளையும் கட்டுரைகளையும் படியெடுத்துக் காப்பதே முதற்கடமை.

தில்லிக்கென்று தனிநோய் ஒன்று உண்டு, வெயிலும் புழுதியும். மே மாதத்தில் வீசும் லூ காற்று நம் தொண்டையை மட்டுமா அடைக்கிறது? கணினியின் மூச்சுக்குழலையும் அடைக்கிறது. சூடேறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மேலும் ஏறினால் அணைந்துவிடும். ஆண்டுக்கொரு முறை விசிறியைத் தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் போதும். மெத்தைமேல் வைத்து ஓட்டுவதையும் விட்டுவிட வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. 2017க்கு முந்திய பெரும்பாலான கணினிகளை ஏற்பதில்லை. அதனால் நல்ல உடற்கட்டுள்ள கணினிகளும் முதியவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் இருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போல் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. நம் அரசு மடிக்கணினிகளின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை பழைய கணினிகளில் இலேசாக ஓடுகின்றன. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

"பழையதையே கட்டிக்கொண்டு அழச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கட்டடக்கலை படிப்பவருக்கும், பெரிய அளவில் இயந்திரக் கற்றல் ஆய்வு செய்பவருக்கும், படத்தொகுப்புச் செய்பவருக்கும் ஆற்றல் மிக்க கணினி வேண்டும். ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்ட கணினியில் கூட்ட வழியில்லை. திருத்தும் செலவு கணினியின் மதிப்பைத் தாண்டினால் விடைகொடுப்பதே அறிவு. நான் சொல்வது இவ்வளவே: திறந்து பார்த்தபின் விடைகொடுங்கள், திறக்காமலே தீர்ப்பு எழுதாதீர்கள். நான் எழுதிய தீர்ப்பு அப்படிப்பட்டது.

நாம் எறிவது எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அக்கழிவில் ஒரு பகுதி இதே தில்லியின் சீலம்பூரில் வந்து இறங்குகிறது. அங்கே ஏழைத் தொழிலாளர் வெறுங்கையால் அதைப் பிரித்துச் செம்பும் ஈயமும் எடுக்கிறார்கள். நம் சோம்பலின் புகை அவர்கள் நெஞ்சில் போய்ச் சேர்கிறது. உண்மையிலேயே உயிர்போன கணினியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை.

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம்; மகிழ்ச்சி. அவற்றோடு சங்க அறையின் மூலையில் ஒரு மேசை போடுவோம். சிறு திருப்புளிகள் ஒரு கட்டு, ஒரு மல்டிமீட்டர், தூரிகை, வெப்பப் பசை, லினக்ஸ் போட்ட பென் டிரைவ் இரண்டு: இவ்வளவுதான் மூலதனம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் கூடுவோம். மாணவியரும் திருப்புளி பிடிக்க வேண்டும். பார்வையாளராக ஒதுங்க வேண்டா. புதிதாக வரும் ஒருவர் கடன் வாங்கிக் கணினி வாங்குமுன், அவர் கொண்டுவந்த கணினி அம்மேசையில் ஒருமுறை திறக்கப்பட வேண்டும் என்று விதி செய்வோம்.

அந்தத் தம்பியின் பழைய கணினி பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிற்று. இப்போது அவன் தங்கை அதில் படிக்கிறாள். தோடு மட்டும் அடுத்த ஆடி வரையில் அடகிலேயே இருந்தது. அந்த மாதங்களின் வட்டிக்கு நான் கடன்பட்டவன். அம்மேசையின் முதல் மல்டிமீட்டர் என் செலவு.