வளவின் விலையும் வாடகையும்

கல்லூரிப் படிப்பை முடித்து நாடு பல சென்று பொருளீட்டும் நம் பழைய மாணவருட் பெரும்பாலோர், கையிற் சிறிது பணஞ் சேர்ந்தவுடன் முதலில் எண்ணுவது ஊரிலே ஒரு வளவும் வீடும் வாங்குவதையே. தாம் குடியிருப்பதற்கு வீடு தேடுவோரைப்பற்றி நாம் ஈண்டுப் பேசவில்லை. அவர்க்கு மனம் ஒத்தாற் போதும். முதலீடெனக் கருதி இரண்டாவது மூன்றாவது வீட்டை வாங்குவோர் எவ்வாறு கணக்குப் பார்க்கின்றனர் என்பதே நம் கேள்வி. பலர் கணக்கே பார்ப்பதில்லை என்பது நம் கருத்து. சென்ற ஆண்டு பேர்ச் இன்ன விலை, இவ்வாண்டு இன்ன விலை என்று தரகர் சொல்வதே அவர்க்குக் கணக்காகிவிடுகின்றது.

2022 ஆம் ஆண்டில் இவ்வியல்பு முற்றிற்று. ரூபாயின் மதிப்புச் சரிந்து, அவ்வாண்டு செப்தெம்பரிற் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியபோது, பணமாய் வைத்திருந்தால் உருகிப்போகும் என்றஞ்சிக் காணியிற் போட்டோர் உளர். அச்சம் நியாயமானதே. ஆயினும் அஞ்சி ஓடுகிறவன் விலையை மட்டும் கேட்பான், உறுதியைக் கேட்கமாட்டான்.

கல்முனைக் கரை ஏனைய இடங்களைப் போன்றதன்று. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்நிலம், கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை. இதில் வாழும் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. மணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு காணவேண்டும். அவையும் தாய்வீட்டுக்கு அண்மையில் இருத்தல் விருப்பம். மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கத்தை ஆராய்ந்து 2008 இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கின்றார். ஆகவே இக்கரையில் வளவுக்கு விலை வைப்பது வாடகையன்று, கலியாணம். தரகர் இதனை நன்கறிவார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர்தாம் மறந்துவிடுகின்றனர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டாக நாம் வைத்துக்கொண்டவை. வீட்டின் விலை 1 கோடி ரூபா, வாடகை மாதம் 25,000 ரூபா என்க. ஆண்டுக்கு 3 இலட்சம். வீடு ஒரு மாதமேனும் வெறுமையாகக் கிடக்கும். வெள்ளையடித்தல், கூரை திருத்தல், சோலைவரி என 60,000 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 2,40,000. நூற்றுக்கு 2.4 வீதம். வாடகையைக்கொண்டே விலையை மீட்பதாயின் 41 ஆண்டு கடந்துவிடும். வங்கியின் நிலையான வைப்பு நூற்றுக்கு 5 வீதம் தந்தாற்கூட அதிற் கிடைப்பது 5 இலட்சம். முத்திரைத் தீர்வையையும் மறத்தலாகாது. முதல் இலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதமாக 3,99,000 ரூபா கட்டவேண்டும். நொத்தாரிசின் கூலி வேறு. திறப்புக் கைக்கு வருமுன்னரே ஒன்றரை ஆண்டு வருவாய்க்கு மேல் போய்விடுகின்றது!

"வாடகை குறைந்தாலென்ன, விலை ஏறுமே" என்பர். ஏறலாம். ஏறிய விலையைத் தரப்போகிறவர் யார்? பெண்ணுக்கு வீடு தேடி அலையும் நம்மூர்த் தகப்பனே. பூட்டிய வீடுகளும் வேலியடைத்த வெறுவளவுகளும் பெருகப் பெருக, அவர் தம் சிறுவளவையே இரண்டாக மூன்றாகப் பிரித்துக் கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடைவெளியின்றிக் கட்டுகின்றார். இவ்விலாபத்தை விரும்பத்தக்கதென நாம் கருதவில்லை. வாங்கத்தான் வேண்டுமெனின், ஆசிரியர், தாதியர், வங்கி உத்தியோகத்தர், ஒலுவிற் பல்கலைக்கழக மாணவர் முதலாக வெளியூரிலிருந்து வந்து குடிக்கூலிக்கு வீடு தேடுவோர்க்குப் பயன்படும் வீடாகப் பார்த்து வாங்குக. அத்தகைய வீட்டின் பெறுமதியைக் குடியிருப்பவர் மாதந்தோறும் கூறிவிடுவார்.

நிற்க, உறுதிக்கு வருவோம். வாய்ச்சொல்லாற் காணி கைமாறாது. நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுதவேண்டுமென்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுதியதைக் கல்முனைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியாவிடின், பின்னெழுதி முன்பதிந்தவன் முந்திவிடக்கூடும். நம்மூர் உறுதிகளில் இன்னுமொரு நுட்பம் உண்டு. தாய் தந்தையர் மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்போது தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொள்வர். மகளிடம் வாங்கியவர் கிழவியாரை எழுப்பமுடியாது; எழுப்ப முயல்வதும் அழகன்று. பிரிக்கப்படாத பங்கு விற்கப்படுவதும், அரச அனுமதிப்பத்திரக் காணி சாதாரணத் தாளில் கைமாறுவதும் உண்டு. மைத்துனர்க்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பிவிட்டு அமைதியாக இருப்போர் இவற்றுள் ஒன்றையும் காணார்.

நிலத்தையும் பார்க்கவேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி இக்கரையை அழித்த சுனாமிக்குப்பின் கிழக்கிற் கடலோரத்து 200 மீற்றருட் கட்டலாகாதென முதலில் விதித்தனர். பின்னர் அவ்வெல்லை தளர்ந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கு '65 மீற்றர்' என்பதே பெயராய் நிலைத்துவிட்டது. கரையிலிருந்து பெயர்ந்தோர் மேற்கே நகர, வயலோரத்து நிலத்துக்கும் விலை வந்தது. கடற்பக்கம் மலிவென்று ஓடுவோர், ஒலுவிற் துறைமுகம் அமைந்தபின் நிந்தவூர்ப் பக்கத்துக் கரை அரிக்கப்பட்டதை ஒருமுறை நேரிற் காண்க. வயற்பக்கம் ஓடுவோர், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியின்றி வயலை நிரப்பலாகாதென்பதையும், 2011 ஜனவரி, 2024 நவம்பர் வெள்ளங்களையும் நினைக்க. விடுமுறைக்கு ஆவணியில் வருவோர்க்கு எல்லா வளவும் உலர்ந்தே தோன்றும். வாங்குமுன் மார்கழி அடைமழையில் ஒருமுறை பார்த்தல் வேண்டும். தாம் வரமுடியாதோர் முழங்காலளவு நீரில் நின்று பார்த்துச் சொல்லத்தக்க ஒருவரையேனும் அனுப்புதல் வேண்டும்.

நம் பழைய மாணவர் சங்கத்தில் நொத்தாரிசுகள் உளர். நில அளவையாளர் உளர். பதிவகத்திற் கடமையாற்றி இளைப்பாறியோரும் உளர். ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை இவர்கள் கல்லூரி மண்டபத்திலமர்ந்து, வாங்க நினைப்போர் கொணரும் உறுதிகளையும் அளவைப் படங்களையும் பார்த்துச் சொல்வதாயின், வெளிநாட்டு அன்பர் பலரின் ஆயுட்கால உழைப்புக் காப்பாற்றப்படும். அதற்கொரு சிறு கட்டணம் வாங்கி நூல்நிலையக் கூரைக்குச் செலவிடலாம் என்பதைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன்வைக்கின்றோம்.