களருக்கும் ஒரு காலேஜ்

மண்ணச்சநல்லூர் என்றால் ரைஸ்மில், பொன்னி மூட்டை, தவிட்டு வாசனை. எங்கள் ஆபீஸில் அந்த ஊர்க்காரர் ஒருவர் உண்டு. அரிசி பற்றிப் பேச்செடுத்தால் ஃபைல் நகராது. அப்படிப்பட்டவர் போன வாரம், ''நிலத்தை வித்துடலாம்னு இருக்கேன் சார்'' என்றார்.

ஊர் நிலம் இல்லை. ஆற்றுக்குத் தெற்கே, மணிகண்டம் பக்கம், மாமனார் வழியில் வந்த ஒன்றரை ஏக்கர். ''காஞ்சா பாறை, நனைஞ்சா சேறு. தண்ணி உள்ளே இறங்கவே மாட்டேங்குது. பொன்னி நட்டா பழுத்துப்போவுது. பிளாட் போடலாம்கிறார் புரோக்கர்.''

மண்ணில் உப்பு என்றால் இரண்டு வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று உவர். இதை விளக்க ஸ்ரீரங்கத்து மாமிகள் போதும். மாவடுவை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? தண்ணீரை விட்டுவிட்டுச் சுருங்குகிறது. உவர் நிலத்தில் பயிருக்கும் அதே கதிதான். காலடியில் தண்ணீர் நிற்கும். வேரால் உறிஞ்ச முடியாது.

மற்றது களர். இதில் வில்லன் சோடியம். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆசாமி மாதிரி, சோடியம் அந்த சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டி, பி.எச். 8.5-க்கு மேல் போனால் அது களர். துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகள் அடைபடும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. பீரோ நிறையப் பணம், சாவி மட்டும் காணோம்!

நெல்லும் சும்மா இருப்பதில்லை. அதற்கு வேண்டியது பொட்டாசியம். சோடியமோ அதே ஜாடையில் உள்ளே நுழையப் பார்க்கும். தாக்குப்பிடிக்கிற ரகங்கள் வேரிலேயே கொஞ்சத்தைத் தடுத்துவிடும். தப்பி ஏறியதைப் பழைய இலைகளில் தள்ளி, குருத்தைக் காப்பாற்றும். வீட்டில் பெரியவர்கள் கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லையா, அப்படி.

இதையெல்லாம் கண்டுபிடிக்க அமெரிக்கா போக வேண்டாம். திண்டுக்கல் ரோட்டில் நாவலூர் குட்டப்பட்டு போனால் போதும். அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருப்பதே களர் நிலத்தில்தான். வயலே பாடப்புத்தகம். களர் தாங்குகிற 'திருச்சி 1' நெல் 1995-லும், 'திருச்சி 3' 2010-லும் வந்தன.

நண்பரிடம் சொன்னேன்: ''விக்கிறதுக்கு முன்னாடி மண்ணை டெஸ்ட் பண்ணுங்க.'' டெஸ்ட் சொல்கிற அளவுக்கு ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம், சோடியத்தை சீட்டிலிருந்து எழுப்பிவிடும். நல்ல தண்ணீர் கட்டி, வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லையென்றால் எழுந்த ஆசாமி ஃபுட்போர்டில் தொங்கி மறுபடி உள்ளே வந்துவிடுவார்! பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழ வேண்டும். நடவின்போது ஏக்கருக்கு 15 கிலோ ஜிங்க் சல்பேட். அப்புறம் ரகம். பொன்னிப் பாசத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்க வேண்டியதுதான்.

''செலவு பிடிக்குமே சார்?''

பிடிக்கும். ஒரே வருஷத்தில் மண்ணச்சநல்லூர் ஆகிவிடாது. ஆனால் களரை வயலாக்க வழி இருக்கிறது. பிளாட்டை வயலாக்க இதுவரை யாரும் ஜிப்சம் கண்டுபிடிக்கவில்லை. இந்தியாவில் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் உப்புப் பட்ட நிலம். அத்தனையும் கல் நட்டு விற்றால் எதைச் சாப்பிடுவது?

படிக்காதவர்களைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டுத் திட்டினார் வள்ளுவர். தாடிக்காரர் இன்று நாவலூர் பக்கம் வந்தால், களர் காலேஜில் படித்துப் பாஸ் பண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து உவமையை மாற்றுவாரோ என்னவோ!