காலக்கெடுவும் கமக்காரனின் முதுமையும்

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலையின் வாயிலுக்கு வரும் ஏழையிடம் வைத்தியத்துக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. தலைமுறைகளாக மக்கள் அனுபவித்துவரும் இவ்வுரிமையில் ஓர் அணுவேனும் குறைய நாம் இடங்கொடுத்தலாகாது. ஆயினும், வைத்தியம் இலவசமென்பதால் நோயும் செலவின்றி நீங்கிவிடுவதில்லை.

மண்டூர் முதியவர் ஒருவர் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்லவேண்டுமாயின் வாவியைக் கடந்தாகவேண்டும். குருமண்வெளித் துறையிற் கடந்தாலென்ன, பட்டிருப்புப் பாலத்தாற் சுற்றிச் சென்றாலென்ன, பயணச் செலவு அவருடையதே. துணைக்குச் செல்லும் மகனின் அன்றைய கூலி போய்விடும். வைத்தியசாலையில் மருந்து முடிந்துவிட்டால் வெளியே வாங்கவேண்டும். பரிசோதனையைத் தனியாரிடம் செய்யச் சொன்னால் அதற்கும் பணம் வேண்டும்.

இச்செலவுகளிற் சிலவற்றையேனும் தாங்குவதற்கே வைத்தியக் காப்புறுதி வேண்டப்படுகின்றது. அரசாங்க உத்தியோகத்தருக்கு ‘அக்ரஹார’ உண்டு. பிற்காலத்தில் அது ஓய்வுபெற்றோருக்கும் விரிக்கப்பட்டது. படுவான்கரைக் கமக்காரனுக்கும் வாவியில் வலைவீசும் மீனவனுக்கும் அதில் இடமில்லை. அவர்களுக்கும் அரசாங்கக் காப்புறுதி வேண்டுமென்பதில் நியாயவான்கள் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால், எவ்வளவு கொடுப்பது என்பதற்கு முன்னர், எப்பொழுது சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை காணவேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் திகதி ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட ‘மெடிகெயார்’ திட்டம், 65 வயதடைந்தோருக்கு வைத்தியக் காப்புறுதி அளிக்கின்றது. அதிற் சேர்வதற்குரிய முதற் காலம் ஏழு மாதங்கள்: பிறந்த மாதத்துக்கு முன் மூன்று, அம்மாதம், அதன் பின் மூன்று. தொழில் வழியாக வேறு காப்புறுதி உடையோர் போன்ற சிலருக்கு விலக்குண்டு. ஏனையோர் வைத்தியர் கட்டணத்துக்குரிய பகுதியிற் சேராது தாமதித்தால், தாமதித்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் மாதக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். பெரும்பாலும் அவ்வேற்றம் ஆயுள்வரை தொடரும். எழுத்தறிவும் தபால் வசதியும் நிறைந்த அந்நாட்டிலேயே காலக்கெடுவைத் தவறவிட்டுத் தவிப்போர் உளர்.

இந்தியா வேறு வழி கண்டது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் பாராது, கட்டணமின்றி, குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா வரையான வைத்தியக் காப்பு தொடங்கப்பட்டது. மத்திய அரசின் வேறு வைத்தியத் திட்டத்தில் உள்ளோர் மட்டும் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இங்கு தாமதத்துக்குத் தண்டமில்லை.

காலக்கெடு இல்லாவிடின் நோய் வந்த பின்னரே எல்லோரும் சேர்வர். நிதி வற்றிவிடும் என்பர். இவ்வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. எமது அனுபவமும் நிதியின் அருமையைக் கூறுகின்றது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் 18 முதல் 59 வயது வரையானோரைச் சேர்த்தது. பின்னர் நிதி போதாமற் கொடுப்பனவு நின்று, 2014இலேயே மீண்டும் தொடங்கியது. உரிய காலத்திற் சேர்ந்து தவணை தவறாது கட்டியவனும் கையேந்தி நின்றான். ஆகவே, சேர்பவன் காலந் தவறலாகாது என்று விதிக்கும் அரசாங்கம், கொடுப்பதிலும் காலந் தவறலாகாது.

நிதி வற்றாதிருக்க வழி, அறியாதவனைத் தண்டிப்பதன்று. எல்லோரையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது. வேண்டாதவன் விலகட்டும், வேண்டுபவன் அலையவேண்டாம்.

இது இயலாத காரியமா? பெரும்போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. நவகிரிக் குளத்து நீர் எப்பொழுது திறக்கப்படும், விதைப்புக்குக் கடைசி நாள் எது என்பன கமக்காரர் முன்னிலையில் தீர்மானிக்கப்படுகின்றன. நெல்லுக்கு நாள் குறித்து ஊரைக் கூட்டும் அரசாங்கம், அந்நெல்லை விளைவித்தவனின் முதுமைக்கு நாள் குறித்தால், அதை அவன் வாயிலில் வந்து சொல்லக்கூடாதா? 60 வயதானோருக்கு முதியோர் அடையாள அட்டை வழங்கப்படுகின்றது. அவ்வட்டை வழங்கும் நாளிலேயே காப்புறுதியிலும் பெயரைப் பதிந்தால் என்ன தடை?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நாட்டு மக்களில் 12.4 சதவீதத்தினர். அவ்விகிதம் ஏறிக்கொண்டே செல்கின்றது. காலந்தாழ்த்த நேரமில்லை.

நாம் வேண்டுவன நான்கு. இலவச வைத்தியத்துக்குப் பதிலாக அன்றி, அதற்கு மேலதிகமாகவே காப்புறுதி அமைதல் வேண்டும். வயது வந்ததும் பெயர் தானாகவே பதியப்படல் வேண்டும். தெரிவு செய்யவேண்டிய இடமெல்லாம், ஆறு மாதங்களுக்கு முன்னரே கிராம உத்தியோகத்தர் மூலம் தமிழில் அறிவித்தல் கிடைத்தல் வேண்டும். தாமதித்தவனுக்கு ஆயுட்காலத் தண்டம் கூடாது.

கேட்பது தருமமன்று. வாழ்நாளெல்லாம் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் வரி செலுத்தியவன், தன் பங்கைக் கேட்கின்றான். பிரதிநிதிகள் இதனைப் பாராளுமன்றத்தில் எழுப்புதல் வேண்டும். எழுப்பாதோரை வாக்காளர் வினவுதல் வேண்டும்.