நண்பர் எந்த ஷிப்ட்?

ஆன்லைனில் ரெண்டு வருஷப் பழக்கம். தினமும் ஒரு குட்மார்னிங். கிரிக்கெட் மேட்ச் என்றால் பந்துக்குப் பந்து அரட்டை. இளையராஜாவா, ரஹ்மானா என்று விடிய விடிய சண்டை. ஆனால் அந்த நண்பரின் அம்மா என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்கு எழுந்து எந்த வண்டியைப் பிடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கேட்டதில்லையே..." என்பதுதான் பலருடைய பதிலாக இருக்கும்.

"அதெல்லாம் எதுக்கு? மனசு ஒத்துப்போனால் போதாதா?" என்பது ஒரு கட்சி. "முகமே பார்க்காத நட்பெல்லாம் ஒரு நட்பா? எல்லாம் டுபாக்கூர்" என்பது இன்னொரு கட்சி. ரெண்டுமே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. முகம் பார்க்காமலே நல்ல நட்பு வரும். ஆனால் ஒருவரின் வீடும் வேலையும் அன்றாடமும் தெரியாமல் அது முழுசாக வராது.

உதாரணத்துக்கு ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது திருவள்ளூர் மாவட்டம். மதுரையிலோ துபாயிலோ உட்கார்ந்து சாட் செய்கிறவருக்குத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ரெண்டுமே "மெட்ராஸ் பக்கம்". அவ்வளவுதான். ஆனால் திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் போகும் மேற்கு ரயில் பாதையில். கும்மிடிப்பூண்டி இருப்பது சூலூர்பேட்டை போகும் வடக்குப் பாதையில். திருவள்ளூரில் வீடும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலையும் உள்ள ஒருவர் ரயிலில் போக நினைத்தால், முதலில் சென்னை வரைக்கும் வந்து, வண்டி மாறி, திரும்ப வடக்கே போகவேண்டும். இல்லையென்றால் பெரியபாளையம் பக்கமாகச் சாலை வழி. "ஒரே மாவட்டம்தானே, பக்கத்துல தானே ஆபீஸ்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடும் ஆன்லைன் நண்பருக்கு, இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி வாழ்க்கை புரிந்துவிடும்.

மீதிப் பாதி, ஷிப்ட்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருக்கின்றன. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட்டும் மிச்செலின் டயர் தொழிற்சாலையும் இருக்கின்றன. உலையை நினைத்த நேரத்தில் அணைத்துவிட்டுப் போக முடியாது. எனவே வேலை மூன்று ஷிப்டாக ஓடும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, ஜன்னலில் போர்வையை மாட்டி இருட்டாக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு நடுவே தூங்க முயற்சி செய்கிறவருக்குக் காலை பத்து மணிதான் நடு ராத்திரி.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கத்திலிருந்து மெசேஜ் வரும். "ஹலோ... இருக்கீங்களா?" பதில் இல்லை. "ரொம்ப பிஸியோ?" பதில் இல்லை. மூன்றாம் நாள், "பெரிய ஆள் ஆயிட்டீங்க, இருக்கட்டும்" என்று ஒரு கோபம். நாலாம் நாள் ப்ளாக். எத்தனை ஆன்லைன் நட்புகள் இப்படி அநியாயமாகச் செத்திருக்கின்றன! "இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்ற ஒரே ஒரு கேள்வி அவற்றில் பாதியைக் காப்பாற்றியிருக்கும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜோசப் வால்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்து வழியாக மட்டும் பழகும்போது எதிராளியைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம் தகவல்தான். மீதி இடத்தை மனசு தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் அழகாக. நேரில் பழகுவதைவிட சாட்டில் நெருக்கம் அதிகம் போலத் தோன்ற இதுவும் ஒரு காரணம். அதாவது, நண்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு சொந்தக் கற்பனை. அந்தக் கற்பனைக்கு நைட் ஷிப்ட் கிடையாது, கடன் கிடையாது, உடம்பு சரியில்லாத அப்பா கிடையாது. நிஜ நண்பருக்கு அதெல்லாம் உண்டு. கற்பனையும் நிஜமும் மோதும்போது அடிபடுவது நிஜம்தான்.

"கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நண்பர்களாக இல்லையா?" என்று உடனே ஒரு குரல் வரும். வரவேண்டும். ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்திலிருந்து பட்டிமன்றம் வரை, பார்க்காத நட்புக்கு அவர்கள்தான் உதாரணம். உறையூரில் சோழன். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் புலவர் ஆந்தையார். மகன்களோடு ஏற்பட்ட பகையில் மனம் வெறுத்து வடக்கிருந்தபோது, அதுவரை பார்த்தேயிராத நண்பர் கண்டிப்பாக வருவார் என்று சோழன் அவருக்கும் இடம் வைக்கச் சொன்னான். அவரும் வந்தார்.

கதை எல்லோருக்கும் தெரியும். கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. "அவர் வருவார்" என்று சோழன் சொல்லும் பாட்டு புறநானூற்றில் 215-ஆவது. அதில் அவன் நண்பரின் குணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான். வரகுச் சோறு, தயிரில் போட்ட வேளைப்பூ, ஆயர் வீட்டுப் பெண் சமைத்த புளிக்கூழ், அதை வயிறாரச் சாப்பிடும் அவரைக்காய் பறிப்பவர்கள். ஒரு ராஜாவுக்கு, பார்க்காத நண்பரின் ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது!

பிசிராந்தையார் மட்டும் என்ன? "இத்தனை வயசாகியும் நரை இல்லையே, எப்படி?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் 191-ஆவது பாட்டு. மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், அரசன், ஊர்ப் பெரியவர்கள் என்று வரிசையாகச் சொல்லி, இவர்கள் எல்லோரும் நல்லபடியாக இருப்பதால் தலை நரைக்கவில்லை என்கிறார். குடும்பம், வேலை, ஊர் மூன்றும் ஒரே பாட்டில் வந்துவிடுகின்றன. இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லைதான். அன்றாடத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவில்லை. முதல் கட்சிக்காரர்கள் இந்த உதாரணத்தைப் பாதி மட்டுமே படித்திருக்கிறார்கள்.

வள்ளுவரும் அப்படித்தான். நட்பு அதிகாரத்தில் பக்கத்தில் இருந்து பழகுவது அவசியமில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்கிறார். அடுத்த அதிகாரமே நட்பாராய்தல். அங்கே குணம், குடும்பம், குற்றம், சுற்றம் எல்லாம் தெரிந்துகொண்டு நட்புக் கொள்ளச் சொல்கிறார். முன்னதை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டு பின்னதை மறந்துவிட்டால் எப்படி?

சரி, அன்றாடம் தெரிந்தால் என்ன லாபம்? ரெண்டு சம்பவங்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம். எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று அது வாபஸ் ஆனது. பேப்பரில் அதைப் படித்தவர்களில் பலருக்கு அது வெறும் கணக்கு. 12-ஐ நாலால் பெருக்கினால் 48, வாரத்துக்கு மூணு நாள் லீவு, நல்லதுதானே! காமர்ஸ் படிப்பவர்கள்கூட இப்படித்தான் பெருக்கிப் பார்த்திருப்பார்கள். சிப்காட்டில் ஒரு நண்பர் உள்ளவர் வேறு கணக்குப் போட்டிருப்பார். 12 மணி நேரம் வேலை, போக வர மூணு மணி நேரம், குளிக்கச் சாப்பிட ரெண்டு மணி நேரம். தூங்க என்ன மிச்சம்? உலை முன்னால் எட்டாவது மணி நேரமும் பதினோராவது மணி நேரமும் ஒன்றா? பாடப் புத்தகத்தில் "உழைப்பு" என்பது ஒரு உற்பத்திக் காரணி. ஆன்லைன் நண்பரிடம் கேட்டால் அதற்கு முதுகு வலியும் உண்டு.

இரண்டாவது, அதே 2023 மார்ச் மாதம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்களை எடுத்துப் பரப்பியிருந்தார்கள். பீகார் சட்டசபை வரை அமளி. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. வதந்திதான் என்று தமிழகப் போலீஸ் தெளிவுபடுத்தி வழக்குகள் போடுவதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பதறிவிட்டன. கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரே லைனில் நிற்கும் உள்ளூர்ப் பையனுக்கும் பாட்னா பக்கத்துப் பையனுக்கும் நடுவே உண்மையான பழக்கம் இருந்தால், வீட்டு நம்பர் இருந்தால், "உங்க பையன் நல்லா இருக்கான், இப்பத்தான் சாப்பிட்டான்" என்று ஒரு போன் போதும். ஆயிரம் ஃபார்வர்டுகளை அந்த ஒரு போன் தோற்கடித்துவிடும். 2024 அக்டோபர் 11 இரவு, பீகாரின் தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் சரக்கு ரயில் மீது மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்று இரவு ஒருவரின் ஆன்லைன் நண்பர்களில் எத்தனை பேருக்கு, அவர் தினமும் போகிற ஸ்டேஷன் அது என்று தெரிந்திருக்கும்?

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று உண்டு. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். நாளெல்லாம் கம்ப்யூட்டர் கேம்தான். 2014-இல் 25 வயதில் இறந்துபோனான். பையன் நண்பர்களே இல்லாமல் போய்விட்டான் என்று அழுத பெற்றோர், இறந்த செய்தியை இணையத்தில் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. விளையாட்டு நண்பர்கள் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவன் என்ன செய்திருந்தான்? நெதர்லாந்துத் தோழியின் வீட்டில் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டபோது, அவளுக்காக அவளுடைய பெற்றோருக்கே கடிதம் எழுதியிருந்தான். மகனோடு நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு யோசனை சொல்லியிருந்தான். அவர்களின் வீட்டுக் கவலை அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவர்கள் வந்தார்கள். தன் நோயை மட்டும் அவன் பல வருஷம் மறைத்தே வைத்திருந்தான் என்பதுதான் இதில் சோகம். 2024-இல் இது டாகுமெண்டரியாகவும் வந்தது.

இனி எதிர்வாதம். "குடும்பம், வேலை என்று நோண்டினால் அது நட்பா, போலீஸ் விசாரணையா?" நியாயமான கேள்வி.

சில கேள்விகள் உண்மையிலேயே வலிக்கும். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று 2021-இல் அரசு மாற்றியது. அங்கேயே பிறந்து, வளர்ந்து, டிகிரி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெற முடியும். அப்படி ஒருவரிடம் "சொந்த ஊர் எது?" என்று சாட்டில் விளையாட்டாகக் கேட்டால், என்ன டைப் செய்வார்? சாதியைத் தோண்டுவதற்காகவே "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கும் ஆசாமிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரு பெண்ணிடம் ஷிப்ட் முடியும் நேரத்தையும் பஸ் ஸ்டாப்பையும் விசாரிப்பது அக்கறை ஆகாது, பயமுறுத்தல்.

எனவே ஒரு சின்ன விதி போதும். கேட்பதற்கு முன் சொல்ல வேண்டும். தன் வீட்டு ரேஷன் கார்டு கதையைச் சொல்லாதவருக்கு அடுத்த வீட்டுக் கதையைக் கேட்க உரிமை இல்லை. எதிராளி சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முகவரி வேண்டாம், சம்பளம் வேண்டாம். அன்றாடம் போதும்.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் குடும்பக் கதையை அழகாகச் சொல்வார்கள், அம்மாவுக்கு ஆபரேஷன் என்பார்கள். ஆனால் அலுப்பான அன்றாடத்தை மாதக்கணக்கில் முன்னுக்குப் பின் முரணில்லாமல் சொல்வது கஷ்டம். போன வாரம் நைட் ஷிப்ட், இந்த வாரம் தண்ணி வரலை, பாட்டிக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போச்சு... இது நிஜ வாழ்க்கையின் வாசனை. பணம் என்று பேச்சு வந்தால் மட்டும் வாசனையையும் நம்பாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. ஆன்லைன் நட்பு ஆழமாக வேண்டும் என்று பெரிய பெரிய தத்துவம் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் யார் வந்தாலும் முதலில் கேட்கிற அந்தச் சாதாரணக் கேள்வி இருக்கிறதே, அதுவே போதும். "சாப்பிட்டாச்சா? என்ன சாப்பாடு?" என்ன சாப்பாடு என்பதில் யார் சமைத்தது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, வீட்டிலா கேன்டீனிலா என்று எல்லாமே வந்துவிடும். சோழ ராஜாவே பிசிர்க்காரரின் வரகுச் சோறு வரை தெரிந்து வைத்திருந்தான். ரெண்டு வருஷமாக இளையராஜாவுக்காகச் சண்டை போடும் நண்பர் இன்றைக்கு எந்த ஷிப்ட் என்று இன்று இரவு கேட்டுத்தான் பாருங்களேன்.

பதில் காலையில்தான் வரும். நைட் ஷிப்டாக இருக்கும் :-)