மண்டியிட்டவன் காலடியில் யார்?

"கிறித்தவன் ஜெபிக்கக் கூடாத இடம் என்று ஒன்று உண்டா? ஜெபிக்கக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டா?"

கேள்வி பழையது. பதில் இரண்டு விதமாக வருகிறது. பக்தி மிகுந்தோர், "இல்லவே இல்லை, தெருவானாலும் திடலானாலும், பகலானாலும் பாதி இரவானாலும், ஜெபம் ஜெபமே" என்கிறார்கள். மற்றொரு சாரார், "ஜெபமா? கோயிலுக்குள்ளே வைத்துக்கொள்; வெளியே வந்தால் வாயை மூடு" என்கிறார்கள். ஒருவர் எல்லாக் கதவையும் திறக்கிறார். மற்றவர் எல்லாக் கதவையும் சாத்துகிறார். இருவருமே கதவைத்தான் பார்க்கிறார்கள். கதவுக்கு அப்பாலும் இப்பாலும் நிற்கும் மனிதனை யார் பார்ப்பது?

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நாம் இன்று இங்கே நடத்தப் போவதில்லை. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் நம்பாதிருக்கட்டும். நம்புகிறவர் கையிலே இருக்கும் வேதப் புத்தகத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். அதற்கு முன்பு, நடந்த நிகழ்ச்சிகள் சிலவற்றையும் அழைத்து விசாரிப்போம். தீர்ப்பைத் தோழர்கள் சொல்லட்டும்!

முதல் சாட்சி, நம் இனத்தைச் சேர்ந்தவன். ஆம், தொழிலாளி இனத்தைச் சேர்ந்தவன்!

தென் அமெரிக்காவிலே சிலி நாடு. 2010 ஆகஸ்டு 5ஆம் நாள், செம்பும் தங்கமும் வெட்டும் சான் ஹோசே சுரங்கம் இடிந்தது. சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 33 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். மேலே மலை, கீழே இருட்டு, நடுவே 33 உயிர்கள். இரண்டு மூன்று நாளைக்கென வைத்திருந்த உணவை 17 நாட்களுக்குப் பங்கிட்டார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி மீன். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்! அங்கே ஹோசே என்ரிக்கேஸ் என்ற தொழிலாளி ஜெபத்தை நடத்தினார். அவர் சுவிசேஷ சபையைச் சேர்ந்தவர். கூட இருந்தவர்களில் பலர் கத்தோலிக்கர். பாறைக்கு அடியிலே எந்தச் சபை, எந்த மடம்? எல்லோரும் சேர்ந்து மண்டியிட்டார்கள். 69ஆம் நாள், அக்டோபர் 13 அன்று, 33 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

மண் தரை, அழுக்கு உடை, அடிவயிற்றிலே பசி, மேலே பீடமில்லை, விளக்கில்லை, பாதிரியார் இல்லை. "ஜெபத்துக்கு ஏற்ற இடமல்ல அது" என்று சொல்ல யாருக்கு நா எழும்? நம்பாதவனுக்கும் எழாதே! பிலிப்பி நகரத்துச் சிறையிலே, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருக்க, நள்ளிரவில் பவுலும் சீலாவும் ஜெபித்தார்கள் என்று வேதம் சொல்கிறது. துன்பத்தில் கிடப்பவன் எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் தன் நெஞ்சைத் திறக்கலாம். அதற்கு யாருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

ஆனால், இந்தச் சாட்சியை அனுப்புவதற்கு முன் குறுக்குக் கேள்வி ஒன்று உண்டு. இடிந்த நாளிலேயே அந்தத் தொழிலாளர்கள் காற்றுப் போக்கி வழியாக ஏறித் தப்ப முயன்றார்கள். சிறிது தூரம் ஏறினார்கள். அதற்கு மேல் ஏணி இல்லை! இருக்க வேண்டிய ஏணி இல்லை! அவர்களை மீட்டது எது? துளைக் கருவிகள், பொறியாளர் மூளை, பல நாட்டாரின் உழைப்பு, சுரங்க வாயிலில் கூடாரமடித்து, வீட்டுக்குப் போக மறுத்த மனைவிமார்களின், தாய்மார்களின் பிடிவாதம். ஜெபம் உள்ளே இருந்தவனின் உள்ளத்தைத் தாங்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கிடப்பவனின் ஜெபம் வேறு. ஏணி வைக்க வேண்டியவன், வைக்காமல் விட்டுவிட்டுச் செய்கிற ஜெபம் வேறு. முன்னதற்கு எந்த இடமும் ஏற்ற இடமே. பின்னதற்கு எந்த ஆலயம் ஏற்ற இடமாகும்?

இந்தக் குறுக்குக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு, இரண்டாவது சாட்சியிடம் போவோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டுக் கடற்கரையில், கேப் கோஸ்ட் கோட்டை நிற்கிறது. வெள்ளைச் சுவர்கள், கடலை நோக்கிய பீரங்கிகள். ஆங்கிலேயர் அடிமை வாணிபம் நடத்திய கோட்டை அது. நிலத்துக்கு அடியிலே, காற்றும் வெளிச்சமும் அரிதான அறைகளிலே, ஆப்பிரிக்க மக்களை ஆடு மாடுகளைப் போல அடைத்தார்கள். அடைத்து, கப்பல் வந்ததும் விற்றார்கள். ஆண் அடிமைகளை அடைத்த நிலவறைக்கு மேலே என்ன இருந்தது தெரியுமா? தேவாலயம்! இன்றும் அங்கே போகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறார்கள்.

1766 முதல் 1816 வரை, ஐம்பது ஆண்டுகள், அந்தக் கோட்டையின் குருவாக இருந்தவர் பிலிப் குவாக். அவரே ஆப்பிரிக்கர், கேப் கோஸ்டில் பிறந்தவர், இங்கிலாந்து சென்று படித்து, ஆங்கிலிக்கச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். அடிமை வாணிபத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தது 1807இல். அதுவரை, ஓராண்டல்ல ஈராண்டல்ல, நாற்பத்தோர் ஆண்டுகள், அவர் மேலே ஜெபம் நடத்திய அதே கோட்டையின் கீழே விலங்குகள் குலுங்கின.

இப்போது சொல்லுங்கள்! அபிஷேகம் செய்த இடம், ஓதுவதற்குரிய நூல், அங்கி அணிந்த குரு, ஞாயிற்றுக்கிழமை. இடத்திலும் குறையில்லை, நேரத்திலும் குறையில்லை. சிலியின் சுரங்கத்தில் இல்லாத அத்தனையும் இங்கே இருந்தன. ஆனால் எது ஜெபத்துக்குத் தகாத இடம்? இருட்டிலே கிடந்த சுரங்கமா, வெளிச்சத்திலே நின்ற ஆலயமா? மண்டியிட்டவனின் முழந்தாளுக்கும் நிலவறையில் கிடந்தவனின் தலைக்கும் நடுவே இருந்தது ஒரு தளம். மேலே எழுந்த சொல் எவ்வளவு உயரம் போயிருந்தாலும், கீழே எழுந்த முனகலை அது தாண்டியிருக்குமா?

மூன்றாவது சாட்சி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து வருகிறார். பெயர் அப்சலோம் ஜோன்ஸ். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பர். அவருடைய தோழர் ரிச்சர்டு ஆலன், அவரும் அப்படியே. இருவரும் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறவர்கள். ஒரு ஞாயிறு, கறுப்பர்களை மேல்மாடத்துக்குப் போகச் சொன்னார்கள், போனார்கள். ஜெபம் தொடங்கியது; மண்டியிட்டார்கள். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை, ஆலய நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்தார். அங்கே மண்டியிடக் கூடாதாம்! ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்றார் ஜோன்ஸ். முடியாது, இப்போதே எழு என்றார் நிர்வாகி. ஜெபம் முடிந்தது. கறுப்பர் அனைவரும் ஒரே கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். இதை எழுதி வைத்தவர் ஆலன். நடந்தது 1787 என்பது அவர் கணக்கு. 1792 என்பாரும் உண்டு. ஆண்டு எதுவானாலும் அவமானம் ஒன்றுதான்.

வெளியேறியவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1793இல் மஞ்சள் காய்ச்சல் அந்த நகரைச் சூறையாடியபோது, ஜோன்ஸும் ஆலனும் கறுப்பர்களைத் திரட்டி, வெள்ளையர் வீடுகளுக்கும் போய் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்கள். 1794இல் தங்களுக்கென்று தனித்தனி ஆலயங்களை எழுப்பினார்கள். மண்டியிட இடம் மறுக்கப்பட்டவர்கள், இழுத்தெறிந்த ஊரின் மரணப் படுக்கையருகே போய் நின்றார்கள்! அந்த ஞாயிறு, அந்த ஆலயத்தில், ஜெபித்தவர் யார்? ஜெபத்தைக் கெடுத்தவர் யார்? இழுத்த கையும் "ஆமென்" என்று கூப்பியிருக்கும் அல்லவா?

"அது அமெரிக்கா, அது ஆப்பிரிக்கா" என்று யாரும் ஆறுதல் தேட வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம், கால்சட்டையைப் போல இரண்டு கிளையாகப் பிரிந்து நின்றது. ஒரு கிளையில் வேளாளக் கிறித்தவர்; மறு கிளையில் நாடார் கிறித்தவர். நடுவே சுவர். இரு கிளையும் சேரும் முனையிலே பீடம். பீடத்தை இரு பக்கத்தாரும் பார்க்கலாம்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது! ஆண்டவரைக் காண்பதற்காகக் கட்டிய ஆலயமா அது? அண்டைவீட்டானைக் காணாமலிருப்பதற்காகக் கட்டிய ஆலயமா? 1910ஐ ஒட்டி அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். சுவர் இல்லாமல் ஜெபிக்க முடியாது என்று வழக்காடியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை எண்ணும்போது, சிரிப்பதா சினப்பதா?

கடைசியாக, நம் காலத்துச் சாட்சி ஒன்று. அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளில், பள்ளியே முன்னின்று வேதம் வாசிப்பதும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லவைப்பதும் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. பிரெமர்ட்டன் ஊர்ப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் திடலின் நடுவிலே மண்டியிட்டு ஜெபித்து வந்தார். பள்ளி தடுத்தது. 2022இல் அதே உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறமாக நின்று, பயிற்சியாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அவருக்கு ஜெபிக்க உரிமை இல்லையா? உண்டு, மனிதனின் நெஞ்சுக்கு யாரும் பூட்டுப் போட முடியாது. ஆனால் மாற்றுத் தீர்ப்பிலே ஒரு செய்தி இருக்கிறது. மாணவர் சிலரின் பெற்றோர், தம் பிள்ளைகள் அணியிலிருந்து பிரிந்து நிற்கக் கூடாதே என்பதற்காக மட்டுமே அந்த ஜெபத்தில் சேர்ந்தார்கள் என்று பள்ளிக்குத் தெரிவித்திருந்தார்கள். யார் ஆடுவது, யார் ஓரத்தில் உட்காருவது என்று முடிவு செய்கிற கை, நடுத்திடலிலே கூப்பி நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பையனுக்கு அது அழைப்பாகத் தெரியுமா, ஆணையாகத் தெரியுமா? ஆலைவாசலில் மேஸ்திரி மண்டியிட்டால் கூலிக்காரன் நின்றுகொண்டிருப்பானா? தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுமா! அந்தப் பையனுடைய மனத்தில் இருந்தது பக்தியா, பயமா? பயத்திலே மடிகிற முழந்தாள் ஜெபத்தைச் சேர்ந்ததல்ல, அடிமைத்தனத்தைச் சேர்ந்தது.

சாட்சிகள் முடிந்தார்கள். இனி வேதப் புத்தகம் கூண்டில் ஏறட்டும்.

இந்த மலையிலா, எருசலேமிலா, எங்கே தொழுவது என்று சமாரியப் பெண் கேட்டபோது, இரண்டும் அல்லாத காலம் வருகிறது என்றார் ஏசு. இடம் பற்றிய வழக்கு அன்றைக்கே தள்ளுபடியாகிவிட்டது! பிறர் பார்க்கவேண்டுமென்று தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவர்களை வேடதாரிகள் என்றார். உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிறவர்களுக்குக் கடுமையான தண்டனை உண்டு என்றார். ஜெபம் நீளம்; விழுங்கிய வீடுகளின் எண்ணிக்கை அதைவிட நீளம்!

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று சொன்னார். நம் கேள்விக்கு நேரான விடை அதுதான். காணிக்கையோடு பீடத்தண்டை வந்து நிற்கிறாய். உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறது. அப்போது என்ன செய்ய வேண்டும்? காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு. பிறகு வந்து செலுத்து என்றார். கவனியுங்கள்! உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். தாழ்த்தப்பட்டவனின் குறை, கூலி குறைக்கப்பட்டவனின் குறை, இழுத்தெறியப்பட்டவனின் குறை, அஞ்சி மண்டியிட்டவனின் குறை. அந்தக் குறை தீரும்வரை பீடம் காத்திருக்கட்டும் என்று, ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தவரே சொல்லிவிட்டார்.

ஆகவே, ஜெபத்துக்குத் தகாத இடம் உண்டா என்றால், நிலப்படத்திலே அப்படி ஒரு இடம் இல்லை. தகாத நேரம் உண்டா என்றால், கடிகாரத்திலே அப்படி ஒரு நேரம் இல்லை. எங்கே ஒரு மனிதனின் முதுகு இன்னொருவன் மண்டியிடும் மணையாகிறதோ, அந்த இடமே தகாத இடம். எப்போது அவனுடைய குரல் காதில் விழுந்தும், கண்ணை இறுக மூடிக்கொள்கிறோமோ, அந்த நேரமே தகாத நேரம்.

கிறித்தவத் தோழனே! உன் ஜெபத்துக்கு நாம் பகைவர் அல்லர். சுரங்கத்திலும் செய், சிறையிலும் செய், சேரிக் குடிசையிலும் செய். ஒன்று மட்டும் கேட்கிறோம். மண்டியிடுவதற்கு முன், ஒரு கணம் கீழே குனிந்து பார். அங்கே யாரேனும் கிடக்கிறார்களா என்று பார். கிடந்தால், முதலில் அவர்களுக்குக் கை கொடுத்துத் தூக்கு. உன் ஆண்டவர் காத்திருப்பார், அவரே சொல்லியிருக்கிறார்.

கீழே கிடப்பவனால்தான் காத்திருக்க முடியாது!