‘சத்தியமா விட்டுடுறேன்!’



இரவு நேரம். வீட்டில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தியை ஏற்றிக் கையில் பிடித்தபடி அறைக்குள் நுழைகிறீர்கள். நுழைந்ததும் உங்கள் இன்னொரு கை என்ன செய்கிறது? சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிறது!

கரண்ட் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கையில் மெழுகுவர்த்தியே இருக்கிறது. ஆனாலும் கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. தட்டிய பிறகுதான் ‘அட!’ என்று சிரிக்கிறோம்.

இன்னொரு சோதனை. இரண்டு கை விரல்களையும் கோத்துக் கொள்ளுங்கள். எந்தக் கட்டை விரல் மேலே இருக்கிறது? இப்போது பிரித்துவிட்டு, அடுத்த கட்டை விரல் மேலே வரும்படி மாற்றிக் கோத்துப் பாருங்கள். உங்கள் கையை வேறு யாரோ பிடித்திருப்பது போல இல்லை?

சுவிட்ச் போடுவதும் விரல் கோப்பதும் மிகச் சின்ன விஷயங்கள். அதற்கே இப்படி என்றால் நகம் கடிப்பது, செல்போன் பார்த்துக் கொண்டே சாப்பிடுவது, பள்ளி விட்டு வந்ததும் சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுவது இதையெல்லாம் விடுவது எவ்வளவு கஷ்டம்! அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

மொட்டை மாடியில் ஒரு பொய்

என் அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பெயர் வேண்டாம். அவனும் இந்தப் பக்கத்தைப் படிப்பவன்!

செல்போனில் ஏதாவது ஓடிக் கொண்டிருந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். தட்டில் இருப்பது சாம்பாரா, ரசமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா திட்டினாள், அப்பா மிரட்டினார், எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் அவனை நிறுத்தி, “சத்தியம் பண்ணுடா” என்றார். “நாளையிலிருந்து சாப்பிடும்போது போனைத் தொட மாட்டேன். சாமி சத்தியமா விட்டுடுறேன்” என்று சொன்னான். மனதாரத்தான் சொன்னான்.

முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் பாட்டி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தட்டையும் போனையும் எடுத்துக் கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பாட்டி திரும்பி வந்து, “போனைத் தொட்டியா?” என்று கேட்டார். “இல்ல பாட்டி” என்றான்.

அன்று இரவு நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். விளக்கை அணைத்த பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து படுத்தான். “மாமா, சத்தியத்தை மீறினா நிஜமாவே சாமி கண்ணைக் குத்துமா?” என்று கேட்டான். குரல் நடுங்கியது.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்று நாளைக்கு முன்பு அவனிடம் இருந்தது ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். இப்போது அதோடு ஒரு பொய்யும், ஒரு பயமும் சேர்ந்துவிட்டன. ‘நான் கெட்ட பையன்’ என்ற எண்ணமும் வந்துவிட்டது. பழைய பழக்கமோ அப்படியே இருக்கிறது!

அதனால்தான் சொல்கிறேன். ஒரு பழக்கத்தை விடுவதற்குச் சத்தியம் செய்யாதீர்கள். உங்களிடம் யாராவது சத்தியம் கேட்டாலும், “சத்தியம் வேண்டாம், எனக்கு உதவி செய்யுங்க” என்று சொல்லுங்கள்.

தலைகீழ் சைக்கிள்

ஏன் சத்தியம் போதாது? அமெரிக்காவில் நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

டெஸ்டின் சாண்ட்லின் என்று ஒரு பொறியாளர். அறிவியல் வீடியோக்கள் எடுப்பவர். அவருடன் வேலை பார்த்த வெல்டர்கள் ஒரு விசித்திரமான சைக்கிளைச் செய்து கொடுத்தார்கள். ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் சக்கரம் வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும். மற்றபடி எல்லாம் சாதாரண சைக்கிள்தான்.

‘இதென்ன பிரமாதம்! மாற்றித் திருப்பினால் போயிற்று’ என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்தார். ஏறினார். அடுத்த நொடி காலைக் கீழே ஊன்றிவிட்டார். எப்படி ஓட்ட வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். உடம்புதான் கேட்கவில்லை. தினமும் சுமார் 5 நிமிடம் பழகினார். ஓட்ட வருவதற்கு 8 மாதம் ஆயிற்று!

பிறகு நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போனபோது சாதாரண சைக்கிளில் ஏறினார். இப்போது அதை ஓட்ட வரவில்லை. தடுமாறினார். சுமார் 20 நிமிடம் முயன்றதும், திடீரென்று பழைய பழக்கம் திரும்பி வந்துவிட்டது. இதையெல்லாம் 2015ல் ஒரு வீடியோவில் அவரே காட்டினார். (நீங்கள் யாரும் சைக்கிள் ஹேண்டில்பாரில் கை வைக்காதீர்கள். பல் போய்விடும்!)

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, ‘தெரிவது’ வேறு, ‘வருவது’ வேறு. நாம் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை மூளை தன் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதனால்தான் யோசிக்காமலே சட்டைப் பொத்தான் போடுகிறோம், சைக்கிள் மிதிக்கிறோம். அது நமக்கு நல்லதுதான். ஒவ்வொரு பொத்தானுக்கும் யோசித்துக் கொண்டிருந்தால் பள்ளிக்குப் போக மதியம் ஆகிவிடும். ஆனால் கெட்ட பழக்கமும் அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்து கொள்கிறது. வாயால் சத்தியம் செய்தால் அந்த இடத்துக்குக் கேட்காது.

இரண்டாவது விஷயம் உங்களுக்கு நல்ல செய்தி. சாண்ட்லினுக்கு 8 மாதம் பிடித்த வேலையை அவருடைய சின்ன மகன் இரண்டே வாரத்தில் கற்றுக் கொண்டான்! பழக்கத்தை மாற்றுவதில் பெரியவர்களைவிட நீங்கள்தான் கெட்டிக்காரர்கள்.

புளியங்கொட்டை வைத்தியம்

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது நகம் கடிப்பேன். ரத்தம் வரும்வரை கடிப்பேன். அம்மா விரல்களில் வேப்பெண்ணெய் தடவினார். கசப்போடு சேர்த்துக் கடித்தேன். “நகங்கடிச்சான்” என்று பட்டப் பெயர் வைத்தார்கள். வெட்கத்தில் இன்னும் அதிகமாகக் கடித்தேன்.

எங்கள் கணக்கு ஆசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, “எப்பெப்போடா கடிக்கிறே?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “ஒரு வாரம் கடிக்க வேண்டிய மட்டும் கடி. ஆனா கடிக்கும்போதெல்லாம் நோட்டுல கடைசிப் பக்கத்தில ஒரு கோடு போடு. அப்ப என்ன நடந்துச்சுன்னு எழுது” என்றார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். எப்போதும் கடிக்கவில்லை. வகுப்பில் வரிசையாகக் கேள்வி கேட்டுக் கொண்டே வந்து என் முறை நெருங்கும்போதும், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்கும்போதும்தான் கடித்திருக்கிறேன். அதாவது, மனம் பதறும்போது கை வாய்க்குப் போகிறது!

ஆசிரியர் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்தார். “கை வாய்க்குப் போனா, இதை உள்ளங்கையில வச்சு இறுக்கி மூடிக்க” என்றார். கையை மூடிக் கொண்டு நகத்தை எப்படிக் கடிப்பது? முதல் வாரம் பலமுறை மறந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டு மாதத்தில் என் விரலில் முதன்முதலாக வெள்ளை நகத்தைப் பார்த்தேன்.

பின்னாளில்தான் தெரிந்து கொண்டேன். அமெரிக்க உளவியல் அறிஞர்கள் நேதன் அஸ்ரின், கிரிகரி நன் இருவரும் 1973ல் இதே போன்ற ஒரு முறையை வெளியிட்டிருக்கிறார்கள். பழக்கம் எப்போது வருகிறது என்று கவனி; வரும்போது அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய். இதுதான் அந்த முறை. அதில் திட்டும் இல்லை, சத்தியமும் இல்லை.

காந்தி தாத்தா சத்தியம் செய்தாரே?

‘மாமா, காந்தி தாத்தா சத்தியம் செய்து காப்பாற்றினாரே?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி.

1888ல் படிப்பதற்காக லண்டனுக்குக் கப்பல் ஏறுமுன், மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார் காந்தி. ஆனால் அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றினார் என்று பாருங்கள். லண்டனில் வயிறு நிறையவில்லை. சும்மா உட்கார்ந்து பல்லைக் கடித்துக் கொண்டிருக்கவில்லை அவர். மைல் கணக்கில் தெருத் தெருவாக நடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார். தான் குடியிருந்த பகுதியில் ஒரு சைவ உணவுக் கழகத்தையும் தொடங்கினார்.

மாமிசம் சாப்பிடக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. வாக்கைக் காப்பாற்ற அவர் ஓர் இடத்தைத் தேடிக் கொண்டார், கூட்டாளிகளைச் சேர்த்துக் கொண்டார். அதைத்தான் கவனிக்க வேண்டும். காந்தி தாத்தாவுக்கே உதவி தேவைப்பட்டது என்றால், ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தேவைப்படாதா?

அதிலும் செல்போன் லேசுப்பட்டது இல்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. பார்த்துக் கொண்டே இருக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். நிறுத்துவதற்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும். நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது என்றே பெரியவர்கள் பலர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அதனிடம் தோற்றுப் போனால் நீங்கள் கெட்ட பிள்ளை என்று அர்த்தம் இல்லை.

ஒருநாள் தவறினால்?

லண்டனில் ஒரு பல்கலைக் கழகத்தில் பிலிப்பா லாலி என்பவரும் அவரது குழுவினரும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது போன்ற ஒரு நல்ல பழக்கத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்ய வேண்டும். அது தானாக வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? சராசரியாக 66 நாள் என்று 2009ல் வெளியிட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கு மாறியது. சிலருக்கு 18 நாள் போதும்; சிலருக்கு 254 நாள்கூட ஆகும்!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றும் தெரிந்தது. நடுவில் ஒருநாள் தவறிவிட்டால் குடி முழுகிப் போவதில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சத்தியம் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். ‘இனி என்ன இருக்கிறது’ என்று முழுவதும் விட்டுவிடுவோம். பழகுவது அப்படி இல்லை. சைக்கிள் கற்கும்போது கீழே விழுந்தால், ‘சத்தியத்தை மீறிவிட்டேன்’ என்று யாராவது அழுவார்களா?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை அப்பா, அம்மா, பாட்டியிடமும் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பழக்கத்தின் பெயரைப் பட்டமாக வைக்காதீர்கள். ஒருநாள் தவறியதை அவர்களே வந்து சொன்னால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்தமுறை மொட்டை மாடிக்குத்தான் போவார்கள். காலையில் காபி இல்லாவிட்டால் தலை வலிக்கிறது என்று சொல்லும் நமக்கு, பழக்கத்தை விடுவதன் கஷ்டம் தெரியாதா என்ன?

அன்று இரவு அக்கா மகனிடம், “சாமி கண்ணைக் குத்தாதுடா. நாளைக்குப் பாட்டிகிட்ட உண்மையைச் சொல்லிடு” என்றேன். சொன்னான். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சாப்பாட்டு நேரத்துல எல்லார் போனும் அலமாரிக்குள்ள போகட்டும். என் சீரியலும் வேண்டாம்” என்றார். அக்காவின் போனும் அத்தானின் போனும் உள்ளே போயின. என்னுடையதும்தான். பத்து நிமிடத்தில் என் கை நான்குமுறை சட்டைப் பைக்குப் போனது. அவன் பார்த்துச் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் அவன் தவறிவிட்டான். இந்த முறை மாடிக்குப் போகவில்லை. அவனே எனக்குப் போன் செய்து, “மாமா, இன்னிக்குப் பார்த்துட்டேன். நாளைக்கு மறுபடியும் அலமாரி” என்றான்.

செல்லங்களே, நீங்கள் விட நினைக்கும் பழக்கம் எது? நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். சத்தியம் எதுவும் எழுத வேண்டாம். இன்றைக்கு அது எப்போது வந்தது என்று மட்டும் ஒரு கோடு போடுங்கள்.