சாவிக்கொத்தும் ஃபிட்ஸும்: ஒரு த்ரெட்

தரங்கம்பாடி பக்கம் யாருக்காவது ஃபிட்ஸ் வந்துட்டா முதல்ல ஓடி வர்றது ஆம்புலன்ஸ் இல்ல, சாவிக்கொத்து. அது இல்லன்னா அரிவாள், ஸ்பேனர், ஏதோ ஒரு இரும்பு. கையில திணிச்சா ரெண்டு நிமிஷத்துல வெட்டு நின்னுடும். "பாத்தீங்களா டாக்டர், நின்னுடுச்சுல்ல?"

நின்னது உண்மைதான். அதனால இதை மூடநம்பிக்கைன்னு திட்டிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மக்கள் கண்ணால பாத்ததைச் சொல்றாங்க. நிறுத்தினது எதுன்னு நாம சொல்லாம விட்டா பேரு சாவிக்குத்தான் போகும்.

மூளையின் மேலடுக்கு பெருமூளைப் புறணி. அங்குள்ள நரம்பு செல்களில் பெரும்பாலானவை அடுத்த செல்லைத் தூண்டிவிடுபவை. 20 முதல் 30 சதவீதம் மட்டும் வேறு ரகம்: இன்டர்நியூரான். அக்கம்பக்கத்து செல்களை அடக்கி வைப்பதே அதன் வேலை. டெல்டாக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், மதகுல ஷட்டரை இறக்க ஆள் இல்லன்னா வயல் என்ன ஆகும்? வலிப்பு அப்படி ஒரு வெள்ளம்.

அடக்குவதற்கு இவை விடும் வழக்கமான ரசாயனம் காபா. ஆனா இதுல பல செல்கள் கூடவே இன்னொரு சரக்கும் வச்சிருக்கு, நியூரோபெப்டைட். சொமாட்டோஸ்டாட்டின், நியூரோபெப்டைட் ஒய், அப்புறம் வி.ஐ.பி. (ஆமாங்க, பேரே அதுதான். இந்த வி.ஐ.பி. செல்கள் பெரும்பாலும் பிரேக் போடும் செல்லையே அடக்கும்!)

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். காபா சாதாரணத் துடிப்புக்கே வெளிவரும். பெப்டைட் அப்படி வராது, செல் விடாம படுவேகமா துடிச்சாதான் வரும். வலிப்பு நேரத்துல நடப்பதும் அதுதானே? வெளியே வந்த நியூரோபெப்டைட் ஒய், தூண்டும் செல்கள் குளுட்டமேட் விடுவதைக் குறைக்கும். இந்தப் பெப்டைட் இல்லாமல் உருவாக்கிய எலிகளுக்கு மருந்து கொடுத்து வலிப்பைத் தூண்டியபோது பெரும்பாலானவை செத்தே போயின. காரணம் இது ஒன்றுதான்னு சொல்ல மாட்டேன். அடினோசின் இருக்கு, திசுவில் அமிலம் ஏறுவது இருக்கு. ஆக, மூளை தன்னைத்தானே நிறுத்திக்குது. பெரும்பாலான ஃபிட்ஸ் 1 முதல் 3 நிமிஷத்துல நிக்கும், வெறுங்கையா இருந்தாலும்.

இந்த பிரேக் செல்களில் பெரும்பகுதி கரு மூளையின் ஆழத்தில் பிறந்து புறணிக்கு ஊர்ந்து வரணும். எங்கேயோ வெளிநாட்டுல பாத்த கதைன்னு நினைக்காதீங்க. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி'ன்னு 5,132 மூளைச் சீவல்களின் படங்களை வெளியிட்டது, அந்த இடப்பெயர்ச்சி நடக்கிற நடு மாதங்களின் கரு மூளைதான் அது. வந்து சேர்வதில் பிசகினால் பிறந்த கொஞ்ச நாளிலேயே வலிப்பு வரும் சில நோய்கள் உண்டு. சாபமும் இல்ல, பேயும் இல்ல.

சரி, சாவி கொடுத்தா என்ன நஷ்டம்? நேரம். 5 நிமிஷம் தாண்டினா தானா நிக்கிற வாய்ப்பு குறையும். போகப்போக, காபாவைப் பிடிக்கும் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பை விட்டு உள்ளே போயிடும். நாங்க போடுற லோராசெபாம், மிடாசோலம் ஊசி அந்த ஏற்பியிலதான் வேலை செய்யணும். சீக்கிரம் போட்டா கேக்குற மருந்து, 40-வது நிமிஷத்துல பல சமயம் கேக்காது. இரும்பை மாத்தி மாத்திக் கொடுத்துப் பாத்துட்டு அரை மணி நேரம் கழிச்சுத் தூக்கிட்டு வந்த பிள்ளைக்கு ரெண்டாவது டோஸும் போட்டுட்டு, நிக்காம, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னிருக்கேன். மயிலாடுதுறைக்கு அனுப்பினோம்.

பக்கத்துல இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, மணியைப் பாருங்க. 5 நிமிஷம் ஆச்சுன்னா, இல்ல நினைவு திரும்பாமலே மறுபடி வந்தா, 108. முதல் தடவையா வந்திருந்தா நின்ன பிறகும் டாக்டரைப் பாக்கணும்.

கடைசியா, ஒரு வருஷமா வரலன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தின தம்பிங்களுக்கு, குறிப்பா கடலுக்குப் போறவங்களுக்கு: மருந்து ஜி.ஹெச்.ல இலவசம். தீர்ந்து போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஓ.பி. சீட்டோட வாங்க. தொழிலுக்குப் போயிருந்தா வீட்டுல யாரையாவது அனுப்புங்க.